தன் முதுகு தனக்குத் தெரியாது: நம் திறமையை நாமே எடைபோடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மும்பை மாட்டுங்காவில் ஒரு சின்ன டியூஷன் வகுப்பில் சிஏ ஃபவுண்டேஷன், அதாவது ஆடிட்டர் படிப்பின் முதல் கட்டத் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு அக்கவுன்ட்ஸ் எடுக்கிறேன். பாதிக்கு மேல் தமிழ் வீட்டுப் பிள்ளைகள். செம்பூர், தாராவி, சயானிலிருந்து வருகிறவர்கள் உண்டு. டோம்பிவிலியிலிருந்து லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. மாதத் தேர்வு விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு வைத்திருப்பேன்: "எத்தனை மார்க் வரும்?" விடைத்தாளை என் கையில் கொடுப்பதற்கு முன் அதை நிரப்பியாக வேண்டும். அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளும், அவர்களைவிட அதிகமாகப் பெற்றோர்களும் கேட்ட கேள்விகள்தான் இவை. வாசலில் நின்று அதே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்துவிட்டேன்.

அந்தக் கட்டம் எதற்கு? பிள்ளைகளை மட்டம் தட்டவா?

இல்லை. ஒரு பையன் கட்டத்தில் 70 என்று எழுதினான். வந்தது 38. இந்தப் பரீட்சையில் ஒரு பேப்பரில் தேற 40 வேண்டும். "எல்லாக் கேள்வியும் அட்டெண்ட் பண்ணேனே மிஸ்" என்றான், நிஜமாகவே அதிர்ந்துபோய். அவன் பொய் சொல்லவில்லை. எத்தனை கேள்வி எழுதினோம் என்றுதான் எண்ணியிருக்கிறான், எத்தனை சரி என்று எண்ணவில்லை. பற்றும் வரவும் சமமாக வர வேண்டிய பட்டியலான டிரயல் பேலன்ஸ் 4,500 ரூபாய் இடித்திருக்கிறது. அதைத் தூக்கி சஸ்பென்ஸ் அக்கவுன்டில் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டான். இடிக்கிற தொகையைத் தற்காலிகமாக ஒதுக்கி வைக்கிற கணக்கு அது. தப்பு எங்கே என்று பிறகு தேடிப் பிடிக்க வேண்டும். அவன் தேடவில்லை. கட்டத்தில் 70 என்று எழுதும்போது அந்த 4,500 அவன் நினைவிலேயே இல்லை.

அதே தேர்வில் ஒரு பெண் 55 என்று எழுதி 71 வாங்கினாள். அவளுக்கு இடித்த இடமெல்லாம் நினைவிருந்தது. இரண்டு பேருக்கும் தங்கள் மார்க் தெரியவில்லை என்பதுதான் விஷயம்.

இது திமிரா?

பெரும்பாலும் இல்லை. திமிர் பிடித்தவனை அடக்கலாம், தகவல் கிடைக்காதவனை அடக்கி என்ன பயன்? இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்ல வருவது அவ்வளவுதான்: நம்மைப் பற்றி நமக்குத் தப்புக்கணக்கு வருவதற்கு, குணத்தைவிட, "நீ தப்பு" என்ற செய்தி நம் காதுக்கு வந்து சேராததே பெரிய காரணம்.

என் அம்மாவைச் சொல்கிறேன். ஆன்டாப் ஹில்லுக்குக் குடிவந்து நாற்பது வருஷமாகிறது. "ஹிந்தியா? தண்ணி பட்ட பாடு" என்பார். பஸ் வந்தால் "பஸ் ஆ கயா!" என்று கூவுவார். இந்தியில் பஸ் பெண்பால், "ஆ கயீ" என்று வர வேண்டும். நம் மொழியில் பஸ்ஸும் அஃறிணை, லாரியும் அஃறிணை, பிரச்சினையே இல்லை. இந்தியில் ஒவ்வொரு சாமானுக்கும் ஆண் பெண் பார்க்க வேண்டும். நாற்பது வருஷத்தில் ஒரு கண்டக்டரோ, காய்கறிக்காரரோ, பக்கத்து வீட்டு உத்தரப் பிரதேசக்காரரோ அம்மாவைத் திருத்தவில்லை. ஏன் திருத்த வேண்டும்? அவர்களுக்குப் புரிந்துவிட்டது. சொன்னது புரிந்தாலே சொன்னது சரி என்று அம்மா எடுத்துக்கொண்டார். யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

எல்லோருமே தங்களைச் சராசரிக்கு மேல் என்றுதான் நினைக்கிறார்களா?

பழகிய, சுலபமான வேலைகளில் ரொம்பப் பேர் அப்படித்தான். ஓலா ஸ்வென்சன் என்ற ஆய்வாளர் 1981-இல் வெளியிட்ட ஆய்வு பிரபலம். அமெரிக்க மாணவர்களையும் ஸ்வீடன் மாணவர்களையும், ஆய்வில் கூட இருந்த மற்றவர்களோடு தங்களை ஒப்பிட்டு, வண்டி ஓட்டும் திறமையில் தங்கள் இடம் எது என்று சொல்லச் சொன்னார். அமெரிக்கர்களில் 93 சதவீதம் பேரும், ஸ்வீடன்காரர்களில் 69 சதவீதம் பேரும் தங்களை மேல் பாதியில் வைத்துக்கொண்டார்கள். நூறு நாற்காலி போட்ட வகுப்பில் முன் ஐம்பது நாற்காலியில் 93 பேர் உட்கார்ந்த கதை.

மும்பையில் இதற்கு ஆய்வாளரே வேண்டாம். சயான் சர்க்கிளில் ஐந்து நிமிடம் நின்றால் போதும். ஹார்ன் அடிக்கிற ஒவ்வொருவரும் அடுத்தவனுக்கு ஓட்டத் தெரியவில்லை என்றுதான் அடிக்கிறார்கள்.

வாத்தியார்கள் மட்டும் யோக்கியமா என்று கேட்டால், அதுவும் இல்லை. 1977-இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழக ஆசிரியர்களைக் கேட்டபோது 94 சதவீதம் பேர் தங்கள் பாடம் நடத்தும் திறமை சராசரிக்கு மேல் என்றார்கள். இதைப் படித்த அன்று நான் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். என்னைக் கேட்டிருந்தால் நானும் அந்த 94-இல்தான் இருந்திருப்பேன்.

அதில் ஒரு நியாயமும் இருக்கிறது. 'நல்ல டிரைவர்' என்றால் என்ன? நிதானமாக ஓட்டுகிறவர் நிதானத்தை அளவுகோலாக வைப்பார். சந்து பொந்தில் புகுந்து வருகிறவர் சாமர்த்தியத்தை வைப்பார். இருவரும் அவரவர் அளவுகோலில் முதலிடம். அளவுகோல் எவ்வளவு தெளிவாக இருக்கிறதோ, அவ்வளவுக்கு இந்தச் சுயபுகழ் குறையும். "நல்லாப் படிப்பியா?" என்று கேட்டால் வரும் பதிலும், "பேங்க் ரீகன்சிலியேஷன் கணக்கைப் பதினைந்து நிமிடத்தில் முடிப்பாயா?" என்று கேட்டால் வரும் பதிலும் வேறு வேறு.

அப்படியானால் எல்லாவற்றிலும் நம்மை உயர்த்தித்தான் சொல்கிறோமா?

இல்லை, கஷ்டமான வேலைகளில் இது தலைகீழாகிவிடுகிறது. ஜஸ்டின் குரூகர் 1999-இல் இதைக் காட்டினார்: சைக்கிள் ஓட்டுவது போன்றவற்றில் மக்கள் தங்களைச் சராசரிக்கு மேல் என்கிறார்கள், செஸ், புரோகிராமிங் போன்றவற்றில் சராசரிக்குக் கீழே என்கிறார்கள். தனக்குக் கஷ்டம் என்பது மட்டும்தான் கண்ணில் படுகிறது, மற்றவனுக்கும் அதே கஷ்டம் என்பது மறந்துவிடுகிறது.

அம்மாவின் மராட்டியே சாட்சி. "மராட்டி எனக்குச் சுத்தமா வராது" என்பார். ஆனால் சாயங்காலம் மராட்டி சீரியலில் மாமியார் சொல்வதற்கு இவர் பதில் சொல்வார்.

டன்னிங்–குரூகர் விளைவு என்கிறார்களே, அது நம் "குறைகுடம் கூத்தாடும்" தானே?

கிட்டத்தட்ட, ஆனால் அதுவே அல்ல. கார்னெல் பல்கலைக்கழகத்தில் டேவிட் டன்னிங்கும் ஜஸ்டின் குரூகரும் சேர்ந்து 1999-இல் வெளியிட்டது. எலுமிச்சைச் சாறு கதையோடு தொடங்குகிற ஆய்வு: 1995-இல் பிட்ஸ்பர்க் நகரில் ஒரு ஆள் முகத்தை மறைக்காமல் பட்டப்பகலில் இரண்டு வங்கிகளைக் கொள்ளையடித்தான். முகத்தில் எலுமிச்சைச் சாறு தடவினால் கேமராவில் விழ மாட்டோம் என்று நம்பியிருக்கிறான். பிடித்தபோது, "சாறு பூசியிருந்தேனே!" என்றானாம்.

மாணவர்களுக்கு நகைச்சுவை உணர்வு, தர்க்கம், இலக்கணம் ஆகியவற்றில் சோதனை வைத்தார்கள். கடைசிக் கால் பகுதியில் வந்தவர்கள், சராசரியாக நூறு பேரில் 12 பேரைத்தான் முந்தியிருந்தார்கள். தாங்கள் 62 பேரை முந்தியதாக நினைத்தார்கள். முன்னணியில் வந்தவர்கள் தங்கள் இடத்தைக் கொஞ்சம் குறைத்தே சொன்னார்கள். டன்னிங்கும் குரூகரும் தந்த விளக்கம்தான் முக்கியம்: ஒரு வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லாமல் எழுத என்ன அறிவு வேண்டுமோ, பிழை இருக்கிறது என்று கண்டுபிடிக்கவும் அதே அறிவுதான் வேண்டும். அது இல்லாதவனுக்கு இரண்டு பக்கமும் நஷ்டம்.

இனி, இதில் பரவியிருக்கிற தப்புகள். முதலில் சர்ரென்று மலை ஏறி, பள்ளத்தில் விழுந்து, மெதுவாக மேட்டுக்கு வருகிற கோடு ஒன்று வாட்ஸ்ஆப்பில் சுற்றுகிறதே, 'முட்டாள் மலை' என்று? அது அந்த ஆய்வில் இல்லவே இல்லை. கீழே வந்தவர்கள் மேலே வந்தவர்களைவிடத் தங்களை உயர்வாக நினைத்தார்கள் என்பதும் தப்பு. மதிப்பீடு மார்க்கோடு சேர்ந்து ஏறத்தான் செய்தது, ஏற வேண்டிய அளவு ஏறவில்லை.

இந்தக் கண்டுபிடிப்பையே சந்தேகிக்கிறவர்களும் உண்டு. எல்லோருமே தங்களைக் கொஞ்சம் உயர்த்திச் சொல்கிற உலகத்தில், கடைசியில் இருப்பவருக்கு மேலே தவற மட்டும்தான் இடம் இருக்கிறது, முதலில் இருப்பவருக்குக் கீழே தவற மட்டும்தான் இடம். ஆகவே வெறும் புள்ளியியலே இந்தப் படத்தைப் பெருமளவு வரைந்துவிடும் என்கிறார்கள். என் வகுப்புக் கட்டங்களைப் பார்த்தால் எனக்கு இந்த வாதத்தில் பாதி சரி என்றே படுகிறது. 38 வாங்கியவன் 20 என்று தவறாக எழுத மனசு வருமா என்ன?

என் எரிச்சல் வேறு. இந்தப் பெயரை நான் கேட்ட வரையில், யாரும் தன்னைப் பற்றிச் சொன்னதில்லை. எப்போதும் மேனேஜரைப் பற்றி, மைத்துனரைப் பற்றித்தான்.

பையன் மூன்று தடவை படித்துவிட்டு "எல்லாம் தெரியும்" என்கிறான். நம்பலாமா?

நம்பாதீர்கள். இது பிள்ளைகளுக்கு நேரடியாக மார்க்கில் அடிக்கிற விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

திரும்பத் திரும்பப் படிக்கும்போது பக்கம் பழகிப்போகிறது. எந்த வரி எந்த ஓரத்தில் என்றுகூடத் தெரிகிறது. அந்தப் பழக்கத்தைத்தான் மனசு 'தெரியும்' என்று கணக்கு எழுதிக்கொள்கிறது. ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் 2006-இல் வெளியிட்ட சோதனையில் ஒரு கூட்டம் ஒரு பகுதியை நான்கு சுற்றும் படித்தது. இன்னொரு கூட்டம் ஒரு சுற்று படித்துவிட்டு, மீதி மூன்று சுற்றும் புத்தகத்தை மூடி, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் படித்த கூட்டம்தான் முந்தியது: 83 சதவீதம், மற்றவர்கள் 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் படித்தவர்கள் 40, எழுதிப் பார்த்தவர்கள் 61. ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டிக் கேட்டபோது அதிக நம்பிக்கையோடு இருந்தது எந்தக் கூட்டம் தெரியுமா? நான்கு சுற்றும் படித்த கூட்டம்.

இதற்குப் பக்கத்து வீட்டுச் சமாசாரம் ஒன்று உண்டு. யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோசன்பிளிட், கெய்ல் 2002-இல் செய்தது. ஜிப், பூட்டு, கழிப்பறை ஃபிளஷ் எப்படி வேலை செய்கிறது என்று உங்களுக்கு எவ்வளவு தெரியும், மார்க் போடுங்கள் என்றார்கள். தாராளமாகப் போட்டார்கள். சரி, படிப்படியாக விளக்கி எழுதுங்கள் என்றார்கள். எழுதிவிட்டு மறுபடி மார்க் போடச் சொன்னால் இறங்கிவிட்டது. தினமும் விசில் எண்ணுகிற குக்கரையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வெயிட் ஏன் ஒரு நேரத்தில் தூக்குகிறது, தூக்கியபின் ஏன் திரும்ப உட்காருகிறது என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள்.

வகுப்பில் நான் செய்வது: "தேய்மானம் தெரியும் மிஸ்" என்கிறவனைப் பலகைக்கு அழைத்து, ஆறாம் வகுப்புப் பையனுக்குச் சொல்வதுபோல் சொல் என்பேன். பாதி பேர் இரண்டாவது வாக்கியத்தில் நின்றுவிடுவார்கள். சிரிப்பு வரும், ஆனால் அன்று அவர்கள் வீட்டுக்குப் போய்ப் படிப்பார்கள்.

ஷேர் மார்க்கெட்டில் கெட்டிக்காரன் ஜெயிக்க மாட்டானா?

சிலர் ஜெயிக்கிறார்கள். நீங்கள் அந்தச் சிலரில் ஒருவர் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்பதுதான் கேள்வி.

பாந்த்ரா குர்லா வளாகத்தில் தலைமையகம் வைத்திருக்கும், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி 2024 செப்டம்பரில் ஒரு ஆய்வு வெளியிட்டது. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்: பங்கு விலை ஏறுமா இறங்குமா என்று முன்கூட்டியே போடும் ஒப்பந்தங்கள்) வியாபாரம் செய்த தனிநபர்கள் ஒரு கோடிக்கு மேல். அவர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், தலைக்குச் சராசரியாகச் சுமார் 2 லட்சம் ரூபாய். எல்லோருக்கும் சேர்த்து 1.8 லட்சம் கோடிக்கு மேல். செலவு போக ஒரு லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர்கள் 1 சதவீதம்தான். என்னை உலுக்கியது இன்னொரு எண்: நஷ்டப்பட்டவர்களில் முக்கால்வாசிக்கு மேல் தொடர்ந்து விளையாடினார்கள்.

இங்கே தகவல் வராமல் இல்லை, ஆப்பைத் திறந்தால் சிவப்பில் தெரிகிறது. ஆனால் படிக்கிற விதம் வேறு. லாபம் வந்தால் "நான் பார்த்துப் போட்டேன்". நஷ்டம் வந்தால் "விலையை ஏத்தி இறக்குற ஆபரேட்டர் ஏமாத்திட்டான்", "பட்ஜெட் கெடுத்துடுச்சு". இந்த மாதிரிக் கணக்கு எழுதினால் எந்த வருஷமும் உங்கள் திறமைக் கணக்கில் பற்று விழாது. என் பழைய மாணவன் ஒருவன், நன்றாகப் படித்தவன், லோக்கலில் நின்றபடியே ஆப்ஷன் போடுவான். "லாஸ் எவ்வளவுடா?" என்று கேட்டேன். "நெட்டா பார்த்தா கொஞ்சம்தான் மிஸ்" என்றான். அக்கவுன்ட்ஸ் படித்தவன், அந்த 'நெட்' எத்தனை என்று சொல்லத் தெரியவில்லை.

ஆண்களுக்குத்தான் இது அதிகமா?

எல்லாத் துறையிலும் என்று சொல்ல மாட்டேன். பங்கு வியாபாரத்தில் ஒரு சான்று உண்டு. பார்பர், ஓடீன் இருவரும் 2001-இல் வெளியிட்டது: 1991 முதல் 1997 வரை 35,000-க்கும் அதிகமான அமெரிக்கக் குடும்பங்களின் கணக்குகள். ஆண்கள் பெண்களைவிட 45 சதவீதம் அதிகம் வாங்கி விற்றார்கள். அந்த வாங்கல் விற்றலால் ஆண்களின் வருடாந்திர வருமானம் 2.65 சதவீதப் புள்ளிகள் குறைந்தது, பெண்களுடையது 1.72. மாமிகள் இதைச் சொல்லிக் காட்டும்போது இரண்டாவது எண்ணை விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கும் குறையத்தான் செய்தது.

வீட்டு வேலை யார் அதிகம் செய்கிறோம் என்று எங்கள் வீட்டில் தினம் சண்டை. யார் சொல்வது சரி?

இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறீர்கள், கூட்டினால்தான் நூறைத் தாண்டும். ராஸ், சிகோலி 1979-இல் தம்பதிகளைத் தனித்தனியாகக் கேட்டுப் பார்த்த கதை இது. தான் பாத்திரம் தேய்த்தது நினைவிருக்கும், மற்றவர் கேஸ் புக் பண்ணியது கண்ணிலேயே பட்டிருக்காது. நல்லதில் மட்டும் இல்லை, சண்டையை ஆரம்பிப்பதிலும் அவரவர் பங்கை அதிகமாகவே சொன்னார்களாம். இது கேட்டு எனக்கு மனிதர்கள் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

"பத்து நாளில் முடிச்சிடலாம்" என்று சொன்ன வேலை ஏன் எப்போதும் இழுக்கிறது?

கனடாவில் 1994-இல் மாணவர்களைக் கேட்டார்கள், ஆய்வேடு எப்போது முடியும் என்று. சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே மோசமாகப் போனால்? சுமார் 49 நாள். நிஜத்தில் ஆனது 55-க்கும் மேல். மோசமான கணிப்பைவிட நிஜம் மோசம். சிட்னி ஓபரா ஹவுஸ் 1963-இல் 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலரில் முடியும் என்றார்கள். 1973-இல் 10.2 கோடியில் முடிந்தது.

என் வீட்டுச் சமையலறைக்கு டைல்ஸ் மாற்றியபோது மேஸ்திரி எட்டு நாள் என்றார். நான் புத்திசாலியாக, "இவங்க சொல்றதை நம்பக் கூடாது" என்று பன்னிரண்டு வைத்துக்கொண்டேன். மேல் மாடி வீட்டில் போன வருஷம் அதே வேலைக்கு எத்தனை நாள் ஆயிற்று என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இருபத்தாறு நாள் ஆகியிருக்கிறது. எனக்கு இருபத்தேழு. தன் வேலையை உள்ளே இருந்து கற்பனை பண்ணாமல், அதே வேலை அடுத்தவருக்கு எத்தனை நாள் பிடித்தது என்று கேட்பதுதான் இதற்கு எனக்குத் தெரிந்த ஒரே மருந்து.

என் பெண் நேர் எதிர். நன்றாக எழுதிவிட்டும் "ஃபெயில்தான்" என்கிறாள். இதுவும் இதில் சேருமா?

சேரும். சாதித்தவர்களே தங்களை ஏமாற்றுப் பேர்வழிகளாக நினைப்பதை பவுலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் 1978-இல் எழுதினார்கள். "நீ கெட்டிக்காரி" என்று சொல்லிச் சரிசெய்ய முடியாது, நீங்கள் அம்மா என்பதால் சொல்கிறீர்கள் என்றுதான் அவள் எடுத்துக்கொள்வாள். அவள் எழுதிய கட்டங்களையும் வந்த மார்க்குகளையும் ஆறு மாதத்துக்கு அடுத்தடுத்து வைத்துக் காட்டுங்கள். காகிதத்தோடு வாதாடுவது கஷ்டம்.

தன்னம்பிக்கையே வேண்டாம் என்கிறீர்களா?

பரீட்சை ஹாலுக்குள் போகும்போது வேண்டும், நிறையவே வேண்டும். பரீட்சைக்கு எத்தனை நாள் படிக்க வேண்டும் என்று முடிவு பண்ணும்போது அதை வாசலில் கழற்றி வைத்துவிடுங்கள்.

இதெல்லாம் தெரிந்துகொண்டால் தப்பித்துவிடலாமா?

மாட்டீர்கள். எமிலி ப்ரோனின் குழுவினர் 2002-இல் காட்டினார்கள்: இந்தச் சாய்வுகளை விளக்கிச் சொன்னாலும், "ஆமாம், மற்றவர்களுக்கு இருக்கிறது, எனக்குக் குறைவு" என்றே மக்கள் சொல்கிறார்கள்.

ஒவ்வொரு தேர்வுக்கும் வகுப்பின் சராசரி என்ன வரும் என்று நானும் என் டைரியில் எழுதுவேன். பதினோரு வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறேன், இன்னும் ஏழெட்டு மார்க் கூட்டியே எழுதுகிறேன். பாடம் நடத்தும்போது தலையாட்டுகிற நான்கு பேரைப் பார்த்து எழுதுவதால் வருகிற வினை.

அப்போது என்னதான் செய்வது?

பதில் தெரிவதற்கு முன் உங்கள் கணிப்பை எழுதி வையுங்கள். மனசில் வைத்தால் பிறகு அது மாறிக்கொள்ளும், "நான் அப்பவே சொன்னேனே" என்று. மழை வாய்ப்பு 30 சதவீதம், 70 சதவீதம் என்று சொல்கிற அமெரிக்க வானிலைக் கணிப்பாளர்களை எழுபதுகளில் ஆராய்ந்தபோது, அவர்கள் 70 சொன்ன நாட்களில் கிட்டத்தட்ட பத்துக்கு ஏழு நாள் மழை பெய்திருந்தது. அவர்களுக்குத் தினமும் கணிப்பு, மறுநாளே விடை. மற்றவர்களுக்கு அந்த வசதி இல்லை, நாமாக உண்டாக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

ஒற்றை எண் எழுதாமல் வீச்சாக எழுதுவது இன்னும் நல்லது. இப்போது என் கட்டத்தில் இரண்டு கோடு இருக்கிறது, குறைந்தது இத்தனை, அதிகம் போனால் இத்தனை என்று. 70 எழுதி 38 வாங்கிய பையன் போன மாதம் 45–60 என்று எழுதி 52 வாங்கினான். விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்தபோது மார்க்கைப் பார்க்கவில்லை, கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திருப்பினான்.

உங்கள் அம்மாவிடம் "பஸ் ஆ கயீ" என்று திருத்திச் சொன்னீர்களா?

சொன்னேன். "நாப்பது வருஷமா பஸ் நிக்காமலா போச்சு?" என்றார். நான் பேசாமல் ஏறி அவருக்குச் சீட் பிடித்தேன்.